துடக்குக்காரியும் பான்ஜோக் கச்சேரியும்

அரியநாயகம் ரொறன்ரோவில் காலமானார். துடக்கு பாரிசுக்குப் பக்கத்துச் சார்செலில், ஒன்பதாம் மாடியில் வந்து இறங்கியது. இடையில் ஒரு சமுத்திரம் கிடக்கிறது. தொற்றுநோய்கூட விமானம் ஏறித்தான் அதைக் கடக்கவேண்டும். துடக்குக்கு வாட்ஸப் போதுமாயிருந்தது.

சாவுத் தீட்டை எங்கள் பக்கத்தில் துடக்கு என்பார்கள். முப்பத்தொரு நாள். கோயில் இல்லை, வீட்டில் விளக்கு இல்லை, கொண்டாட்டம் இல்லை, பாட்டு இல்லை. செய்தியைக் கொண்டு வந்தவர் பூரணி. இறந்தவருக்குத் தங்கை, வசந்தரூபியின் கணவர் இராஜதுரைக்கு அக்கா. பக்கத்துக் கட்டடத்தில்தான் இருக்கிறார். லிப்ட் பழுது என்பதால் ஒன்பது மாடியும் நடந்து ஏறி வந்து, வாசலில் நின்றபடியே அழுதார்.

"பெரியண்ணை போட்டாரடி!"

அழுகை உண்மையானது. அண்ணன் தங்கை பாசத்தில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் மூக்கைத் துடைத்துவிட்டு அவர் சொன்ன அடுத்த வசனம் சட்டமாக இருந்தது.

"இண்டையிலயிருந்து துடக்கு. சாமித் தட்டைத் துணி போட்டு மூடு. ரீவியை நிப்பாட்டு. ஒரு பாட்டுச் சத்தம் கேக்கக்கூடாது."

"ஓம் மச்சாள்," என்றார் வசந்தரூபி. அந்த நேரம் அவருடைய ஒரு காதில், தலைமயிருக்குள் மறைந்திருந்த சின்னக் கருவியில், பான்ஜோ இசை ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். போட்ட பிறகுதான் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த ரிக்கற் நினைவுக்கு வந்தது. கச்சேரிக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது.

வசந்தரூபிக்கு ஐம்பத்தொரு வயது. ஊர் வன்னியில், மல்லாவிப் பக்கம். போர் முடிந்து, முட்கம்பி முகாமிலிருந்து வெளியே விடப்பட்டு, இராஜதுரையின் பப்பியே, வதிவிடப் பத்திரம், சரிவந்த பிறகு பாரிசுக்கு வந்தவர். இராஜதுரை அதற்கு முன்னமே வந்து, ரூ காய் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து றொட்டி போட்டுக்கொண்டிருந்தார். இன்றும் அதையே போடுகிறார். மகள் விதுர்ஷாவுக்குப் பதின்மூன்று. தாய் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை.

வசந்தரூபி செய்வது மெனாஜ், துப்புரவு வேலை. காலையில் அலுவலகங்கள். பிற்பகலில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் பின்னால் தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் ஓர் இசையரங்கு. முன்னர் சரக்குக் கொட்டகையாக இருந்த கட்டடம். அங்கே வேலை செய்கிறவர்கள் அதைச் 'சால்' என்பார்கள்.

சாலில் வேலை செய்கிறவர்கள் இரண்டு வகை. சாலின் ஆட்கள் ஒரு வகை, துப்புரவுக் கம்பனியின் ஆட்கள் இன்னொரு வகை. சாலின் ஆட்களுக்கு ஆண்டுக்குச் சில கச்சேரிகளுக்கு இலவச இருக்கை உண்டு. துப்புரவு ஆட்களுக்குக் கிடையாது. அவர்கள் வேறு கம்பனி அனுப்பிய ஆட்களாம். ஒரே கூரை, ஒரே கக்கூசு, ஒரே கோப்பி மெசின். இருந்தும், அந்த மண்டபத்தின் ஒவ்வொரு கதிரையையும் தன் கையால் துடைப்பவருக்கு அதில் ஒன்றில்கூட இருக்க உரிமையில்லை. பிரெஞ்சுக்காரர் இதற்குச் சாதி என்று பெயர் வைக்கவில்லை. உப ஒப்பந்தம் என்கிறார்கள். பெயர் மாறினால் நாற்றம் போய்விடும் என்று நினைப்பதில் கிழக்கு மேற்கு என்ற வேறுபாடு இல்லை.

அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் மேடையை மொப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். மாலைக் கச்சேரிக்கு ஒத்திகை. மேடையில் ஐந்து கிழட்டு வெள்ளைக்காரர். ஒருவர் மட்டும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலுறையோடு கதிரையில் இருந்து ஒரு வாத்தியத்தை வாசித்துக்கொண்டிருந்தார். வாத்தியத்துக்கு வட்ட முகம், நீண்ட கழுத்து. அவருடைய விரல்களில் தகட்டு நகங்கள். தகரக் கூரையில் கோடைமழை விழுகிற மாதிரிச் சத்தம். ஆனால் அந்த மழைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது.

வசந்தரூபி அவருடைய கதிரை வரை துடைத்துக்கொண்டு வந்து நின்றார். போகச் சொல்வாரா, எழும்பிப் போவாரா என்று பார்த்தார். கிழவர் இரண்டும் செய்யவில்லை. வாசிப்பை நிறுத்தாமலே இரண்டு கால்களையும் அந்தரத்தில் தூக்கினார். வசந்தரூபி கீழே மொப்பை விட்டுத் துடைத்தார். ஈரம் காயும்வரை கால்களைக் கீழே விடாமல் அப்படியே வாசித்தார் மனுசன். வயிறு நடுங்கியது, சுருதி நடுங்கவில்லை. மற்ற நான்கு பேரும் சிரித்தார்கள். வசந்தரூபியும் சிரித்தார். பாரிசுக்கு வந்து வேலை செய்யும் இடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஒலி அமைப்பாளன் தியரியிடம் போய், "இது என்ன?" என்று தன் அரைப் பிரெஞ்சில் கேட்டார்.

"பான்ஜோ, மதாம். ஆட்களுக்குப் பெயர் வெட்ஸ்டோன் ஐவர். இசைக்குப் பெயர் புளூகிராஸ். அமெரிக்காவின் மலைநாட்டுச் சனங்களுடையது."

தியரி தன் பங்குக்கு அவருடைய கைபேசியில் ஐவரின் பாட்டுகளைத் தேடிக் கொடுத்தான். அன்றிலிருந்து சார்செலுக்கும் கார் து நோர் நிலையத்துக்கும் இடையில், டி லைன் ரயிலில், வசந்தரூபியின் காதில் அதுதான் ஓடியது. காலையில் அந்த ரயிலில் முகங்களைப் பார்த்தால், எல்லோரும் பாதி விழித்தவர்கள். வசந்தரூபியின் பெருவிரல் மட்டும் பையின் வாரில் தட்டிக்கொண்டிருக்கும்.

அந்த இசையில் மேளம் இல்லை. கம்பிகளே ஓடவும் வேண்டும், தாளமும் பிடிக்கவேண்டும். ஐவரும் இளவயதில் அதற்குள் ஜாஸைக் கலந்தவர்கள். தலைமயிர் வளர்த்து, மின்சாரக் கித்தாரைக் கொண்டுவந்து, ஒரு பாட்டை அரை மணி நேரம் இழுத்தவர்கள். 'பெரியவர்கள் வாசித்த முறை இதல்ல' என்று ஒரு திருவிழாவில் சனம் எழுந்து போய்விட்டதாம். எழுந்து போனவர்களின் பெயர் இன்று எவருக்கும் தெரியாது. பெரியவர்களின் முறை என்று சொல்லப்பட்டதும் அப்படியொன்றும் புராதனமானதல்ல. அந்தப் பான்ஜோவே அடிமைகளாகப் பிடித்துக்கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர் சுரைக்குடுவையில் தோல் கட்டி உண்டாக்கிய வாத்தியம். வாத்தியம் வெள்ளைக்காரரின் கைக்கு வந்தது. செய்தவர்களின் பெயர் வழியிலே விழுந்துவிட்டது. இது எதுவும் வசந்தரூபிக்கு அப்போது தெரியாது. தெரியாமலே பிடித்திருந்தது.

"அது கிழட்டுக் கௌபாய்களின்ட பாட்டம்மா," என்பாள் விதுர்ஷா, பிரெஞ்சில்.

"கௌபாய் எண்டால் என்ன, மாடு மேய்க்கிறவன்தானே. உன்ரை அம்மப்பாவும் மாடுதான் மேய்ச்சவர்," என்பார் வசந்தரூபி, தமிழில்.

இந்த மாரியில் சாலின் சுவரில் புதிய சுவரொட்டி ஏறியது. வெட்ஸ்டோன் ஐவர் மறுபடி வருகிறார்கள், ஐரோப்பாவுக்குக் கடைசித் தடவையாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஐந்து மணிக்கு. ஐவரில் மண்டலின் வாசித்தவர் போன ஆண்டு இறந்துவிட்டார் என்று தியரி சொன்னான். மற்ற நால்வரும் பயணத்தை நிறுத்தவில்லை, பெயரையும் மாற்றவில்லை. செத்தவரின் மெட்டுகளையே அதிகம் வாசிக்கிறார்களாம்.

"கவலைப்படாதீர்கள் மதாம், நான் பக்கக் கதவைத் திறந்து விடுகிறேன். திரைக்குப் பின்னால் நின்று கேட்கலாம்," என்றான்.

அவன் நல்ல பையன். அவன் மனதில் கள்ளமில்லை. வசந்தரூபி தலையாட்டிவிட்டுப் போனவர், மொப் வாளியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"நின்று கேட்டது போதும்," என்றார். "இருந்து கேட்க எவ்வளவு?"

அப்படித்தான் அந்த ரிக்கற் வாங்கப்பட்டது. எஃப் வரிசை, நடைபாதையை ஒட்டிய கதிரை. அந்தக் கதிரையின் அடியில் ஒருவர் ஒட்டிவிட்டுப் போன சுவிங்கம் கல்லாகி இருக்கிறது என்பதும், எதனால் சுரண்டியும் அது வரவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தே அதைத் தேர்ந்தார். தெரிந்த இடம்.

பிறகுதான் அரியநாயகம் இறந்தார்.

அரியநாயகத்தை வசந்தரூபி நேரில் கண்டதில்லை. கலியாணமான புதிதில் ஒரு தடவை கணினித் திரையில் பார்த்தார். அந்தப் பெரிய மனிதர் தம்பியைப் பார்த்து, "இவளோ உன்ரை வன்னிக்காரி?" என்று கேட்டார். தம்பி ஓம் என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. பிறகு எத்தனையோ தடவை திரையில் வந்திருக்கிறார். வசந்தரூபி அந்தப் பக்கம் வந்தால், "சரி, பிறகு எடுக்கிறன்," என்று வைத்துவிடுவார். இப்போது அந்த மனிதருக்காகத்தான் முப்பத்தொரு நாள் பாட்டுக் கேட்கக்கூடாது.

இங்கே ஒரு கணக்கை விளங்கிக்கொள்ளவேண்டும். பூரணி சொல்கிற முறைப்படி, துடக்கு இரத்தத்தின் வழி போவதில்லை, ஆணின் வழி போகிறது. பூரணி இறந்தவரோடு கூடப் பிறந்தவர். ஆனால் கலியாணம் செய்து வேறு குடும்பத்துக்குப் போனவர். ஆகவே அவருக்கு மூன்றே நாள். வசந்தரூபி இறந்தவரின் முகத்தைக்கூட நேரில் பாராதவர். ஆனால் தம்பியின் மனைவி. ஆகவே அவருக்கு முழுத் துடக்கு. அழுதவருக்கு மூன்று, அழாதவருக்கு முப்பத்தொன்று. இந்தக் கணக்கைப் போட்டவன் பெண்ணைப் பொதிபோலத்தான் பார்த்திருக்கிறான். பொதி எந்த வீட்டில் இறக்கப்பட்டதோ அந்த வீட்டு முத்திரை அதன்மேல் விழுகிறது.

அந்த வெள்ளிக்கிழமையே பூரணி தலைக்குக் குளித்து, கொண்டையில் மல்லிகைச் சரம் வைத்து, கோயிலுக்குப் போனார். வரும் வழியில் துடக்கு வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஏறி வந்தவர், தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறக்கப்போய் ரிக்கற்றைக் கண்டார்.

"இதென்னது?"

"கச்சேரி ரிக்கற் மச்சாள். வாறதுக்கு அடுத்த ஞாயிறு."

"ஆற்றை கச்சேரி?"

"அமெரிக்காக்காரற்றை."

பூரணி குளிர்பெட்டியை மூடினார். "உனக்கு விசரே? பெரியண்ணையின்ரை சாம்பல் இன்னும் ஆறேல்லை, நீ சோடிச்சுக்கொண்டு கச்சேரிக்குப் போகப்போறியோ?"

"அது முந்தியே எடுத்தது மச்சாள்."

"முந்தி எடுத்தால்? கலியாணத்துக்கு நாள் வைச்சவையே துடக்கெண்டால் தள்ளி வைக்கினம். இவவுக்குக் கச்சேரி!"

"அவையள் தள்ளி வைக்கமாட்டினம். இதுதான் கடைசி. எல்லாருக்கும் வயசு போட்டுது."

"அப்ப இன்னும் ரண்டு பேர் செத்தால் அவையளுக்கும் சேத்துத் துடக்குக் காப்பமே?" என்று கேட்டுவிட்டு, தான் சொன்னதில் தனக்கே சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு, பூரணி படி இறங்கினார்.

மறுநாள் காலை இராஜதுரை தேத்தண்ணீர்க் கோப்பையோடு மேசையில் இருந்தார். அவர் கெட்ட மனிதரல்லர். சண்டை நடக்கும் இடத்தில் நிற்கப் பிடிக்காதவர். உலகில் பல அநியாயங்கள் இப்படிப்பட்ட நல்ல மனிதர்களின் மௌனத்தில்தான் சாய்ந்துகொண்டு இளைப்பாறுகின்றன.

"ரூபி, நீர் உந்தக் கச்சேரியை விட்டிடுமன். ஊர் கதைக்கும்."

"எந்த ஊர்? சார்செலோ, லா சப்பலோ, மல்லாவியோ?"

"எல்லா ஊரும்."

"நீங்கள் வேலைக்குப் போறியள்தானே?"

"அது வேலை."

"கொத்து றொட்டி போடேக்கை ரண்டு கையாலையும் தாளம் போடுறியள். ரூ காய் முனைவரைக்கும் கேக்குது. வெள்ளைக்காரர் நிண்டு வீடியோ எடுக்கினம். துடக்குக்கை தாளம் கூடாதெண்டால் கத்தியை வைச்சிட்டு, றொட்டியைக் கையாலை பிச்சுப் பிச்சுக் குடுங்கோவன்."

இராஜதுரைக்குத் தேத்தண்ணீர் புரைக்கேறியது. சிரித்துவிட்டு, பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டார். "உமக்கு வாய் கூடிப்போச்சு," என்றார். வாய் கூடியது மட்டுமல்ல. வசந்தரூபி சொல்லாமல் விட்ட இன்னொன்றும் இருந்தது. அந்தக் கடையிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஒரு கோயிலுக்கு வடை போகிறது. நேற்றைய வடைக்கு உழுந்து அரைத்துத் தட்டியது துடக்குக்காரனின் கை. சாமி ஒன்றும் சொல்லவில்லை. ஐயரும் இரண்டாவது வடை எடுத்ததாகக் கேள்வி.

அடுத்த கிழமை நடுவில், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கப் பூரணியின் வீட்டில் மூவரும் கூடினார்கள். ரொறன்ரோவில் கிரியை, சார்செலில் சாப்பாடு. அறுபது பேருக்கு மரக்கறிச் சமையல். எப்போதும்போல் தலைமைச் சமையல் வசந்தரூபிக்கு. அன்று வீட்டுச் சமையலுக்கென்று பூரணி ஒரு வட்டில் நிறைய வெங்காயத்தை அவர் முன்னால் வைத்திருந்தார். கதைத்துக்கொண்டே உரிக்கலாம் என்பது ஏற்பாடு.

கைபேசி அடித்தது. கை வெங்காயத்தில் இருந்ததால் வசந்தரூபி சின்னவிரலால் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி விட்டார். துப்புரவுக் கம்பனியின் மேற்பார்வையாளன் செபஸ்டியன். மன்னார்ப் பெடியன்.

"ரூபியக்கா, ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சாலிலை கச்சேரி. கக்கூசுப் பக்கம் நிக்க ஆள் இல்லை. நீங்கள் வருவியளோ? உங்களுக்கு அந்தப் பாட்டுப் பிடிக்குமெண்டு தியரி சொன்னவன். பாட்டு நடக்கேக்கை ஒருத்தரும் கக்கூசுக்கு வரமாட்டினம். கதவைக் கொஞ்சம் நீக்கி வைச்சுக்கொண்டு முழுக்கக் கேக்கலாம்."

இராஜதுரையின் முகம் மலர்ந்தது. "பாத்தீரே! தானா வழி வந்திட்டுது."

வசந்தரூபி பூரணியைப் பார்த்தார். பூரணி ஒரு கணம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "வேலையெண்டால் போகத்தானே வேணும். வேலைக்கு என்ன துடக்கு?"

"பாட்டுக் கேக்கும் மச்சாள்."

"கேட்டால் கேக்கட்டுமன். அது வேலைக்குப் போன இடத்திலை காதிலை விழுறது."

"கதிரையிலை இருந்தாலும் அதே பாட்டுத்தான் விழும்."

"அது வேறை. அது உடுத்துக்கொண்டு போய்க் குந்தியிருக்கிறது."

வசந்தரூபி உரித்த வெங்காயத்தை வட்டிலில் போட்டார். "அப்ப பிழை பாட்டிலை இல்லை. நான் குந்துறதிலைதான்."

மொப் கையில் இருந்தால் சாவுத் தீட்டும் விலகி வழிவிடும், மொப்பைக் கீழே வைத்தால் தீட்டு வந்து தோளில் ஏறும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் முழு விளக்கமும். செத்தவனுக்கு மரியாதை என்று சொல்லப்படுவதெல்லாம் உயிரோடு இருக்கும் பெண் காலை மடக்கி ஓரிடத்தில் இருந்துவிடக்கூடாது என்ற பயம். எங்கள் ஊர்ச் செத்தவீடுகளில் பறைமேளம் முழங்காமல் பிணம் வாசல் தாண்டியதில்லை. அந்த மேளத்தை அடித்தவனைப் படலைக்கு வெளியே நிறுத்திவைத்தார்கள். இசை துடக்குக்கு ஆகாது என்று அன்று ஒருவரும் சொன்னதில்லை.

"மச்சாள்," என்றார் வசந்தரூபி. குரல் உயரவில்லை. "என்ரை அப்பா மல்லாவியிலை செத்தது நினைவிருக்கோ? பப்பியே புதுப்பிக்கக் குடுத்திருந்தபடியால் எனக்குப் போகேலாமல் போச்சு."

"இப்ப ஏன் உது?"

"அவர் செத்து அடுத்த கிழமை உங்கடை பிள்ளை பெரிசானதுக்குச் சாமத்தியச் சடங்கு. இஞ்சை, சார்செல் மண்டபத்திலை. 'உனக்கு மூண்டு நாள்தானே, துடக்குக் கழிஞ்சுது, வந்து தட்டுத் தூக்கு' எண்டு கூப்பிட்டனீங்கள்."

பூரணி மேசையில் கிடந்த வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினார்.

"வந்தனான். சீலை உடுத்து, பூ வைச்சு, தட்டுத் தூக்கினனான். என்ரை தலைக்கு மேலை ரண்டு ஸ்பீக்கர். பிள்ளையள் ஆடிச்சினம். நீங்களும் ஆடினனீங்கள். வீடியோவிலை இருக்கு, நான் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன்."

"முறை அப்பிடியடி... நானே வைச்சனான் அந்த முறையை?"

"ஓம், நீங்கள் வைக்கேல்லை. ஆனால் என்னைப் பெத்தவருக்கு மூண்டு நாள். என்னைப் பாத்து 'வன்னிக்காரி' எண்டவருக்கு முப்பத்தொண்டு. அண்டைக்கு நான் அழவேண்டிய நேரம் தட்டுத் தூக்கச் சொன்னியள். இண்டைக்கு எனக்கு அழுகை வரேல்லை, இருந்து பாட்டுக் கேக்கவேண்டாமெண்டுறியள். ரண்டையும் நீங்களே சொன்னால் நான் எப்ப சொல்லுறது?"

இராஜதுரை நிலத்தைப் பார்த்தார். பூரணியின் கண் கலங்கியது. வெங்காயமும் இருந்தது. ஆனால் கலக்கம் ஆத்திரமாக மாற நேரம் எடுக்கவில்லை. தோற்றுக்கொண்டிருக்கும் வழக்கத்துக்கு மிஞ்சுவது அதுதான்.

"போவனடி, போ! போனியெண்டால் முப்பத்தொண்டுக்கு என்ரை வாசல் மிதியாதை."

வசந்தரூபி வட்டிலைப் பூரணியின் பக்கம் மெல்லத் தள்ளினார். "அப்ப மிச்சத்தை நீங்கள் உரியுங்கோ மச்சாள்."

"அலோ..." என்றது மேசையிலிருந்த கைபேசி. செபஸ்டியன் இன்னமும் இணைப்பிலேயே இருந்தான். "அக்கா, நான் பிறகு எடுக்கட்டோ?"

"வேண்டாம் தம்பி, இப்பவே சொல்லுறன். ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்கு வரேல்லை."

"சாலுக்கு வரமாட்டியளோ?"

"சாலுக்கு வருவன். எஃப் வரிசைக்கு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் இராஜதுரை வேலைக்குப் புறப்பட்டார். வாசலில் சப்பாத்து நாடாவைக் கட்டியபடி, "சரி, போட்டு வாரும். அக்காவோடை நான் கதைக்கிறன்," என்றார். கதைக்கமாட்டார் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் 'போட்டு வாரும்' என்ற சொல் அவருடைய வாயிலிருந்து வந்தது. அதை வசந்தரூபி எடுத்து வைத்துக்கொண்டார்.

கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சீலை உடுத்தார். பூ வைக்கவில்லை. துடக்குக்காக அல்ல. தலையில் பூ இருந்தால் பின் வரிசைக்காரருக்கு மறைக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு கதிரையையும் துடைத்த பழக்கத்தில் இப்படிப் பலதும் தெரிந்து வைத்திருந்தார். ரயிலில் காதில் எதையும் மாட்டவில்லை. இன்றைக்கு அது தேவையில்லை.

கார் து நோரில் இறங்கி நடந்தார். இத்தனை ஆண்டுகளில் சாலின் முன் வாசலால் அவர் போனதேயில்லை. வாசலில் நின்ற காவற்காரருக்கு அவரைத் தெரியும். சிரித்துக்கொண்டு, பின்பக்கத்துக் கதவைக் கையால் காட்டினார். வசந்தரூபி ரிக்கற்றைக் காட்டினார். காவற்காரர் அதைப் பார்த்தார், சீலையைப் பார்த்தார், பிறகு தொப்பியைத் தொட்டு, "நல்ல மாலை அமையட்டும், மதாம்," என்று வழிவிட்டார்.

உள்ளே வெளிச்சம் வேறு மாதிரி இருந்தது. வேலை நேரத்தில் எரியும் வெள்ளை விளக்குகளை மட்டுமே அறிந்தவருக்கு, சொந்த மண்டபத்தில் வழி தெரியாமல் போய்விட்டது. படிகளை எண்ணுவதுபோல் பார்த்துப் பார்த்து நடந்து எஃப் வரிசையைக் கண்டுபிடித்தார். கதிரையில் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை தானே துடைத்தது. இருந்தார். கையை அடியில் விட்டார். சுவிங்கம் இருந்தது.

இருக்கையில் முதுகை முழுதாகச் சாய்க்க அவருக்குச் சற்று நேரம் எடுத்தது. யாராவது கூப்பிடுவார்கள், எழும்பவேண்டிவரும் என்று உடம்பு காத்திருந்தது. கூப்பிட ஒருவரும் இல்லை. மேடையில் ஐந்து கதிரைகள். அவற்றில் ஒன்றில் ஆள் இருக்கப்போவதில்லை. அதன்மேல் ஒரு மண்டலினும் ஒரு பழைய தொப்பியும் வைத்திருந்தார்கள். நண்பன் செத்த துக்கத்தை அவர்கள் அந்த மாதிரிக் காக்கிறார்கள். வசந்தரூபி அந்தத் தொப்பியை நெடுநேரம் பார்த்தார். சாமத்திய வீட்டில் தட்டோடு நின்ற அன்று, அப்பாவின் சால்வையாவது ஒரு கதிரையில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பக்கத்தில் வந்து இருந்த பிரெஞ்சுக்காரர் கோட்டைக் கழற்றும்போது முழங்கை தட்டி, பியர்க் கோப்பை கவிழ்ந்தது. நுரை வசந்தரூபியின் கதிரைக்கடியில் ஓடியது. மனுசன் மன்னிப்புக்கு மேல் மன்னிப்புக் கேட்டார். வசந்தரூபியின் உடம்பு பாதி எழும்பிவிட்டது. துணி எங்கே இருக்கிறது, எந்த அலமாரியில் என்பதெல்லாம் காலுக்குத் தெரியும். கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு, எழும்பிய பாதியைத் திரும்பவும் இருத்தினார்.

நடைபாதையால் வாளியையும் மொப்பையும் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் அவசரமாக வந்தான். குனிந்தவன் நிமிர்ந்தான். செபஸ்டியன்.

"ஆளே கிடைக்கேல்லையக்கா," என்றான் மூச்சு வாங்கியபடி. "கடைசியிலை நானே வந்திட்டன்."

"நல்லது தம்பி. நீரும் பழகத்தானே வேணும்."

"கதிரை எப்பிடி?"

"நல்லாத்தான் இருக்கு. அடியிலை சுவிங்கம் ஒண்டு கிடக்கு, நாளைக்குச் சுரண்டிவிடும். இப்ப அந்த மூலையைத் துடையும், காலிலை ஒட்டும்."

"சரி மேடம்," என்று பல்லைக் காட்டினான். "காலைத் தூக்குங்கோ."

விளக்குகள் மங்கின. மேடைக்கு நால்வர் வந்தார்கள், மெதுவாக, ஒருவர் மற்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டு. பான்ஜோக்காரர் கதிரையில் இருந்து, குனிந்து சப்பாத்துகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். வசந்தரூபி சீலைக் கொய்யக மடிப்பைச் சேர்த்துப் பிடித்து, இரண்டு கால்களையும் தூக்கினார். செபஸ்டியன் கீழே துடைத்துவிட்டு வாளியோடு போய்விட்டான். பான்ஜோவில் தகரக் கூரை மழை தொடங்கியது. வசந்தரூபியின் கால்கள் இன்னும் கீழே வரவில்லை.